ஜிமிக்கிப் பூவுக்குப் புதுக் கன்று: பியூசியாக் குச்சியை வேர்பிடிக்க வைத்துச் சாடி மாற்றும் முறை

நான்கு அங்குல இளங்கிளை ஒன்று, காலியான யோகட் கப் ஒன்று, ஒரு கை தும்புத்தூள், ஒரு கை மணல், மேலே மூட ஒரு பொலித்தீன் பை. பியூசியாவில் புதுக் கன்று எடுக்க இவ்வளவும் போதும். மூன்று நான்கு வாரத்தில் வேர் வந்துவிடும். அப்படியிருந்தும் என்னிடம் குச்சி வாங்கிப் போகிற பலர் ஒரு மாதம் கழித்து வந்து, "அழுகிப் போச்சு அக்கா, இன்னொன்னு தாங்க" என்று வாசலில் நிற்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் எல்லோர் கதையும் ஒன்றுதான். குச்சி வாடிவிடுமோ என்ற பயத்தில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். வேரே இல்லாத குச்சி அவ்வளவு தண்ணீரை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

நான் முதல் வருடம் வைத்த பன்னிரண்டு குச்சிகளும் அப்படித்தான் போயின. ஜூன் மாதம், ஹற்றன் பக்கத்து விடாத மழை. கூரை ஒழுக்கில் வைத்த சாடிகள். இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாக அடிக்காம்பு கறுத்துச் சாய்ந்தது. அன்றைக்கு அழுகையே வந்தது. அதற்குப் பிறகு பழகிக் கற்றதை, இந்தச் செடியை இப்போதுதான் கையில் எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் வீட்டில் இதற்கு ஜிமிக்கிப் பூ என்று பெயர். மேல்நோக்கி மடங்கி நிற்கும் நான்கு புல்லிதழ்கள், அவற்றின் கீழே பாவாடைச் சுருக்கம் போல அல்லிதழ்கள், அதற்கும் கீழே மணி கோத்த நூல்கள் போல மகரந்தத் தாள்கள். காதில் மாட்டிக்கொள்ளலாம் போலவே இருக்கும். சிறு வயதில் மாட்டியும் இருக்கிறோம்.

பியூசியா என்ற பெயரை வைத்தவர் சார்ல்ஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. கரீபியன் தீவொன்றில் கண்ட செடிக்கு, 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோன்ஹார்ட் பூக்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியரின் நினைவாக இந்தப் பெயரைச் சூட்டி, 1703 இல் தன் நூலில் வெளியிட்டார். இந்தச் செடியின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்க மலைகளில் மேகம் வந்து படியும் காடுகளில் வளர்பவை. நியூசிலாந்தில் சில உண்டு. வேருக்குக் குளிர்ச்சி, இலைக்கு ஈரக்காற்று, தலைக்கு மிதமான வெளிச்சம்: செடி கேட்பது இந்த மூன்றையும்தான். நம் மலைகளில் இந்த மூன்றும் சும்மா கிடைக்கின்றன.

ஆனால் எல்லா மலையிலும் ஒரே மாதிரி இல்லை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும், கந்தப்பளை, இராகலை, ஹக்கல பக்கங்களிலும் பியூசியா தன் வீடு போல வளரும். ஹற்றன், தலவாக்கலை, ஹப்புத்தளை, பண்டாரவளையில் நிழலைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தால் நன்றாக வரும். கண்டி நகரத்து உயரத்துக்கு இறங்கிவிட்டால் பாடுதான். பகல் வெப்பம் 27, 28 பாகையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மொட்டு உதிரும், இலை சோரும். கொழும்பில் இருக்கும் மகளுக்குக் கன்று அனுப்ப ஆசைப்படும் அம்மாமாருக்கு நான் சொல்வது, வேறு பூ அனுப்புங்கள். அனுப்பிய கன்று அங்கே சாகும்போது இருவருக்கும் மனம் நோகும்.

விதை போட்டால் என்ன என்று கேட்பார்கள். நாம் சாடியில் வளர்க்கும் வகைகள் பெரும்பாலும் கலப்பினங்கள். அவற்றின் விதையில் தாயைப் போன்ற பூ வருவது அரிது. சிவப்புப் புல்லியும் ஊதாப் பாவாடையும் அப்படியே வேண்டுமென்றால் குச்சிதான் வழி.

எப்போது வைப்பது

குச்சி வைக்கும் மாதத்தை மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மஸ்கெலியா, ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா ஆகியவை மேற்குச் சரிவைச் சேர்ந்தவை. இங்கே மே முடிவிலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும். ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் எதுவும் உலராது. அந்த மாதங்களைப் புதியவர்கள் விட்டுவிடுவது நல்லது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் முழுவதும் எனக்குப் பிடித்த காலம். மாலையில் இடிமழை பெய்தாலும் காலையில் வெளிச்சம் கிடைக்கும்.

பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளை என்று ஊவாப் பக்கம் போனால் கதை தலைகீழ். நம் பக்கம் மழையில் நனையும்போது அங்கே வறண்ட காற்று வீசும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. அதே காற்று, மூடாமல் வைத்த பியூசியாக் குச்சியை ஒரே பகலில் காயவைத்துவிடும். அங்கே இருப்பவர்கள் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வையுங்கள்.

நுவரெலியாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் பள்ளங்களில் உறைபனி விழும். புல்லில் வெள்ளை படிந்த காலை என்றால், வெளியே விட்ட இளங்கன்று கருகியிருக்கும். அந்த மாதங்களில் இரவுக்கு வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

தாய்ச் செடியும் குச்சியும்

பொதுப் பூங்காவில் ஒடிக்க வேண்டாம். 1861 இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய ஹக்கல பூங்காவானாலும், 1897 இலிருந்து விக்டோரியா என்ற பெயரைத் தாங்கும் நுவரெலியாப் பூங்காவானாலும், அங்கே இருப்பது எல்லோரும் பார்ப்பதற்கு. பக்கத்து வீட்டில் கேட்டால் மனமுவந்து கொடுப்பார்கள். யாரிடமும் இல்லையென்றால் வீதியோரத்தில் பூங்கன்று விற்கும் இடத்தில் ஒரு சாடி வாங்கிவிடுங்கள். ஒன்று வாங்கினால் அதுவே தாய்.

பூத்துக் குலுங்கும் கிளையில் குச்சி எடுக்கக் கூடாது. அந்தக் கிளையின் பலமெல்லாம் பூவுக்குப் போய்விட்டது. பூக்காத இளங்கிளைதான் வேண்டும். செடி முழுக்கப் பூவாக இருந்தால், ஒரு பக்கத்துக் கிளைகள் இரண்டு மூன்றைக் கவ்வாத்துச் செய்வது போல வெட்டிவிட்டு ஐந்தாறு வாரம் பொறுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் தளிர் கிளம்பும். பொறுக்க முடியாதென்றால் கிளையில் இருக்கிற மொட்டு அத்தனையையும், அரிசியளவு மொட்டையும் விடாமல், கிள்ளிவிட்டு எடுங்கள்.

வெட்டுவதற்கு முதல் நாள் மாலை தாய்க்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் எடுங்கள். தாகத்தோடு இருக்கும் செடியில் எடுத்த குச்சி பைக்குள் போன பிறகும் நிமிராது.

கிளை பச்சையாக, வளைத்தால் பட்டென்று ஒடிவதாக இருக்கட்டும். மரம் பாய்ந்து பழுப்பான கிளையும் வேர்விடும்தான், ஆனால் நாளெடுக்கும். கணுவுக்குக் கணு நெருக்கமாக இருக்கும் குட்டைக் கிளை, நிழலில் நீண்டு வெளிறிய கிளையைவிட எவ்வளவோ மேல்.

புது சேவிங் பிளேட் ஒன்றை ஸ்பிரிட்டில் துடைத்து, மூன்றிலிருந்து நான்கு அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். கீழ்க்கணுவில் உள்ள இலைகளை ஒட்ட எடுத்துவிடுங்கள். மேலே இரண்டு சோடி இலையும் குருத்தும் இருந்தால் போதும். இலை பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டிவிடலாம். வேர் இல்லாத குச்சி இலை வழியாக இழக்கும் நீர் அவ்வளவுக்குக் குறையும்.

தூர ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதானால், குச்சியை ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்து வெயில் படக் கூடாது.

தேயிலைக் கை உள்ளவர்களுக்கு

என் அம்மா தோட்டத்துத் தவறணையில், அதாவது தேயிலை நாற்றுமேடையில், பல வருடம் வேலை செய்தவர். வீ.பீ. தேயிலை, அதாவது விதையில்லாமல் குச்சியிலிருந்து எடுக்கும் தேயிலை, அதன் குச்சி வைத்து வைத்துப் பழகிய கை. பியூசியாவை முதலில் அவரிடம் காட்டியபோது, தேயிலை மாதிரியே ஒரு இலை, அதன் கீழே ஒரு துண்டுத் தண்டு என்று வெட்டித் தள்ளினார். அதிசயமாக, அவற்றில் சிலவும் வேர்விட்டன. பியூசியா அவ்வளவு இளகிய மனசுக்காரி. ஆனாலும் புதியவர்கள் நுனிக் குச்சியே வையுங்கள். குருத்து இருந்தால் செடி சீக்கிரம் எழும்பும்.

அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை பல: வெட்டிய குச்சியை வெயிலில் வைக்காதது, குழி போட்டுவிட்டு நடுவது, மூங்கில் வளைத்துப் பொலித்தீன் போர்த்துவது, தினமும் ஒரு பார்வை பார்ப்பது. விட்டுவிட வேண்டியிருந்தது மண். தவறணை மண் புளிப்பாக இருக்க வேண்டும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான pH அளவு பிடிக்கும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), மண்ணையும் அழுத்தி நிரப்புவார்கள். பியூசியாவுக்கு 6 இலிருந்து 6.5 வரை, லேசான புளிப்பே போதும். மண்ணும் பொலபொலவென்று காற்றோட்டமாக இருக்க வேண்டும். தேயிலை மலையிலிருந்து மண் அள்ளிவந்து குச்சி வைத்தவர்களுக்கு அது கட்டியாக இறுகி, மேலே பாசி படர்ந்து, உள்ளே சேறாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காலத்திலும் வித்தியாசம் உண்டு. தேயிலைக் குச்சி தவறணையில் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று இருக்கும். பியூசியா ஒரு மாதத்தில் முடிவைச் சொல்லிவிடும். தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும்.

வேர்விடும் கலவை

தும்புத்தூள் பாதி, பருமணல் பாதி. புதுத் தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். ஒரு வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் மாற்றி மீண்டும் ஊறவைத்துப் பிழியுங்கள். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கையில் எடுத்துத் தேய்த்தால் கரகரக்க வேண்டும். பூசு வேலைக்குச் சலித்த மென்மணல் தண்ணீரைப் பிடித்துவைத்துவிடும். மணல் கிடைக்காதவர்கள் உமிக்கரி போடலாம், நன்றாக வேலை செய்கிறது.

இந்தக் கலவையில் எருவும் உரமும் சேர்க்க வேண்டாம். வேரில்லாதவனுக்குச் சோறு எதற்கு? சத்துள்ள ஈரக் கலவையில் பூஞ்சணம்தான் முதலில் வளரும்.

கலந்ததைக் கைநிறைய எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி விழுந்தால் சரியான பதம். ஒழுகினால் ஒரு மணி நேரம் பரப்பிவிட்டு எடுங்கள்.

யோகட் கப்பின் அடியில் சூடேற்றிய ஆணியால் நாலைந்து ஓட்டை, பக்கவாட்டில் கீழாக இரண்டு. ஒரு கப்புக்கு ஒரு குச்சி. பெரிய சாடியொன்றில் ஆறு குச்சி சேர்த்து வைப்பவர்களும் உண்டு. வேர் பின்னிய பிறகு பிரிக்கும்போது பாதி அறுந்துபோகும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

பென்சிலால் ஓர் அங்குல ஆழத்துக்குக் குழி செய்து, குச்சியை இறக்கி, இரண்டு விரலால் மெதுவாக அணையுங்கள். இலை கலவையில் படக் கூடாது. வேர் வளர்க்கும் தூள் கடையில் கிடைக்கும். பியூசியாவுக்கு அது தேவையே இல்லை. கையில் இருந்தால் நுனியில் லேசாகத் தொட்டு உதறிவிட்டு வையுங்கள். அப்பினால் தண்டு வெந்துவிடும்.

பல வகை வைப்பதானால் இப்போதே பெயர் எழுதுங்கள். ஐஸ்கிறீம் குச்சியில் பென்சிலால் எழுதினால் ஈரத்திலும் அழியாது. இலையைப் பார்த்து வகை சொல்லலாம் என்று நினைத்து நான் கலந்து வைத்தவை, பூக்கும்வரை எது எதுவென்று தெரியாமலே வளர்ந்தன.

மூடி வைக்கும் மூன்று வாரம்

கப்பைத் தண்ணீர்த் தட்டில் ஐந்து நிமிடம் வைத்து, கீழிருந்து ஈரம் ஏறவிட்டு எடுத்து வடியவிடுங்கள். பிறகு மூடி. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியை அறுத்துக் கவிழ்த்தால் அருமையான மூடி. வேண்டும்போது மேல்மூடியைத் திருகித் திறந்து காற்று விடலாம். பொலித்தீன் பை என்றால் இரண்டு ஈர்க்கை வளைத்துக் குத்தி, இலையில் பை ஒட்டாமல் நிறுத்துங்கள்.

இஸ்தோப்பில் வெளிச்சம் வரும், நேர் வெயில் படாத இடம் பாருங்கள். மூடிக்குள் வெயில் பட்டால் அரை மணி நேரத்தில் குச்சி அவிந்துவிடும். 16 முதல் 20 பாகை வரை நல்ல சூடு. நுவரெலியாவில் இரவு அதற்கும் கீழே போகும் மாதங்களில் அடுப்படிச் சுவருக்கு மறுபக்கத்தில், இளஞ்சூடு தங்கும் இடத்தில் வையுங்கள். புகை வேண்டாம்.

தினமும் காலையில் பத்து நிமிடம் மூடியைத் திறந்து, உள்ளே கோத்திருக்கும் நீர்த்துளிகளைத் துடைத்து மூடுங்கள். அதே நேரம் இலைகளைப் பாருங்கள். கீழ் இலை ஒன்று மஞ்சளாகி விழுவது சகஜம், விழுந்ததை உடனே எடுத்துவிடுங்கள். சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இன்னும் அதிக நேரம் காற்று விடுங்கள். அடிக்காம்பு கறுத்துவிட்டால் காப்பாற்ற முடியாது. குச்சியையும் கலவையையும் சேர்த்துத் தூர எறிந்து, கப்பைக் கொதிநீரில் கழுவுங்கள். அந்தக் கலவையை அடுத்த குச்சிக்கு எடுக்கவே கூடாது.

தண்ணீர்? மூடிக்குள் இருக்கும் கப்புக்குப் பெரும்பாலும் மூன்று வாரமும் தண்ணீரே தேவைப்படாது. சந்தேகம் வந்தால் கப்பைத் தூக்கிப் பாருங்கள். வைத்த அன்று தூக்கிய கனம் கைக்கு நினைவிருக்கும். அதில் பாதியாகக் குறைந்திருந்தால் மட்டும் தட்டில் மீண்டும் ஐந்து நிமிடம். மேல்மண் காய்ந்த நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், அடியில் ஈரம் இருக்கும். ஈரம் கூடினால் என் பன்னிரண்டு குச்சிகளின் கதிதான்.

குச்சியைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிடுங்கினால், அப்போதுதான் அரும்பிய வேர்நுனி அறுந்துபோகும். குருத்தில் வெளிர்ப்பச்சையாகப் புது இலை விரிந்தால் வேர் வந்துவிட்டது. தண்டை லேசாக அசைத்தால் இளகாமல் பிடித்து நிற்கும். இன்னும் சில நாளில் கப்பின் ஓட்டையில் வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். குளிர் மாதங்களில் ஐந்து, ஆறு வாரம் போனாலும் இலை பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கையோடு இருங்கள்.

வேர் வந்ததும் மூடியை எடுத்து எறிந்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு முழுப் பகல் என்று ஒரு வாரம், பத்து நாளுக்குள் பழக்கி எடுங்கள். ஈரத்துக்குள் வளர்ந்த இலை மெல்லியது. திடீரென்று காற்றில் விட்டால் துவண்டுபோகும்.

சாடி மாற்றுதல்

அழுகலுக்குத் தப்பிய கன்றுகளில் பல, பெரிய சாடியில் வைத்ததாலேயே போகின்றன. சின்னக் கன்றைப் பெரிய பெயின்ட் வாளியில் நட்டு, "இனி மாத்தவே தேவையில்லை" என்று சந்தோஷப்பட்ட பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி, ஆறு வாரம் கழித்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கன்று நட்ட அளவிலேயே நின்றது, இலை மஞ்சள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தோம். நடுவில் ஒரு முட்டையளவு வேர், சுற்றிலும் நாறும் சேறு. வேர் எட்டாத மண்ணில் உள்ள ஈரத்தை யாரும் குடிப்பதில்லை. அது அங்கேயே தேங்கி, காற்றை வெளியேற்றி, புளித்துப் போகிறது. வேர் அந்த எல்லைக்கு வந்ததும் அழுகுகிறது.

ஆகவே படிப்படியாக. கப்பிலிருந்து மூன்று அங்குலச் சாடிக்கு. அங்கிருந்து நாலரை, ஐந்து அங்குலத்துக்கு. பிறகு ஆறு, ஏழு. ஒவ்வொரு தடவையும் வேருருண்டையைச் சுற்றி ஒரு விரல் மொத்தத்துக்குப் புது மண் இருந்தால் போதும்.

எப்போது மாற்றுவது என்பதை வேரே சொல்லும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துச் சாடியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டுங்கள். உருண்டை முழுதாக வந்து, மேலெல்லாம் வெள்ளை வேர் வலை பின்னியிருந்தால் நேரம் சரி. மண் உதிர்ந்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். வேர் பழுப்பாகிச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் தாமதமாகிவிட்டது. அடியில் கொஞ்சம் விரலால் இளக்கிவிட்டு நடுங்கள்.

இந்தக் கட்டத்துக்கு மண் வேறு. தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மாட்டெரு போடுவதானால் மாதக்கணக்கில் மக்கி, மணம் போய், கறுத்த தூளாக இருக்க வேண்டும். பச்சை எரு இளவேரைப் பொசுக்கும்.

மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன் கன்றுக்குத் தண்ணீர் விடுங்கள். சாடியடியில் ஓட்டுத்துண்டு ஒன்று, மேலே கொஞ்சம் மண், அதன்மேல் உருண்டை. முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிறுத்தி, சுற்றிலும் மண் போட்டு, சாடியை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் மண் தானே அமரும். தேயிலைக் கன்று போலக் கட்டைவிரலால் இறுக்க வேண்டாம். மேலே அரை அங்குலம் தண்ணீருக்கு இடம் விடுங்கள். நட்ட பிறகு ஒரு வாரம் நிழல்.

மண்சாடியா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், மழைப் பக்கத்துக்கு மண்சாடி, ஊவாவின் வறண்ட பக்கத்துக்குப் பிளாஸ்டிக்.

நட்டு மூன்று நான்கு வாரம் கழித்து உரம் தொடங்கலாம். நான் பாவிப்பது கடையில் கிடைக்கும் அல்பேர்ட் கலவை. பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியைக் கரைத்து வாரம் ஒரு தரம். உலர்ந்த மண்ணுக்கு உரத் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள்.

நுனி கிள்ளுதல்

மூன்று அங்குலச் சாடியில் கன்று மூன்று சோடி இலை விட்டதும் குருத்தைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். கிள்ளாத பியூசியா ஒற்றைக் கம்பாக உயர்ந்து உச்சியில் மட்டும் பூக்கும். மூன்று சோடி இலைக்கு மேலே கிள்ளினால் ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் ஒன்றாக ஆறு கிளை வரும். அந்த ஆறும் இரண்டு சோடி இலை விட்டதும் மறுபடி கிள்ளினால் இருபத்துநான்கு. அவ்வளவும் பூக்கும் நுனிகள்.

கடைசியாகக் கிள்ளியதிலிருந்து, ஒற்றை அடுக்குப் பூ வகைகள் ஏறக்குறைய எட்டு வாரத்தில் பூக்கும். அடுக்குப் பூக்கள் இன்னும் இரண்டு வாரம் எடுக்கும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது வாசலில் பூ வேண்டுமென்றால் கணக்கு லேசு: பெப்ரவரி முதல் வாரத்தோடு கிள்ளுவதை நிறுத்திவிடுங்கள். ஒக்டோபரில் வைத்த குச்சிக்கு இது மிகச் சரியாகப் பொருந்தும்.

வாடல், பூச்சி, துரு

மார்ச் மாத நண்பகலில் பியூசியா துவண்டு தொங்கும். உடனே செம்பைத் தூக்காதீர்கள். முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஈரமாக இருந்தால் அது வெயிலின் சோர்வு. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடிவிட்டது. நிழலுக்கு நகர்த்தி, இலைமேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் மாலைக்குள் நிமிரும். அந்த நேரத்தில் ஊற்றினால் வேர் மூச்சு முட்டும், அடுத்த நாள் இன்னும் வாடும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். காலையில், வெயில் வருமுன்னும் செடி வாடியிருந்தால்தான் தாகம் என்று பொருள். காலையிலும் வாடி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. சாடியைக் கழற்றி, கெட்ட வேரை வெட்டி, சின்னச் சாடியில் புது மண்ணில் நட்டுப் பாருங்கள்.

செடியைத் தட்டினால் வெள்ளையாகச் சிறு ஈக்கள் பறந்தால் அது வெள்ளை ஈ. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோப்புத் திரவம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒரு தரம், மூன்று முறை. செடிப்பேனுக்கும் இதுவே போதும்.

இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி அப்பியிருந்தால் துருநோய். பட்ட இலைகளைப் பறித்து எரித்துவிடுங்கள். சாடிகளுக்கு இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இலை நனையாமல் அடியில் மட்டும், காலையில் மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் கூரைக்கு உள்ளே.

பூக்கும் இடம்

காலை ஒன்பது, பத்து மணிவரை இளவெயில் படும் கிழக்குப் பக்கமும், பெருங்காற்றுக்கு மறைவும் இருந்தால் பியூசியா சந்தோஷமாக இருக்கும். கொடிபோல் தாழும் வகையைத் தும்பு விரித்த கம்பிக் கூடையில் தொங்கவிடலாம். நிமிர்ந்து வளர்வதற்குச் சாடியும் ஒரு ஊன்றுகோலும். மொட்டு வைத்த பிறகு இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் மொட்டு கொட்டும், ஓரிடத்தில் விட்டுவிடுங்கள்.

பூ உதிர்ந்த இடத்தில் ஊதாக் கறுப்பில் சின்னப் பழம் வரும். தின்னலாம், பிள்ளைகள் தின்றால் பயப்பட வேண்டாம். ஆனால் பழத்தைச் செடியில் விட்டால் பூப்பது குறையும் என்பதால் நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை கிள்ளிவிடுவேன். தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் காலை நேரத்தில் மட்டும் செடிக்குப் பக்கத்தில் போவதில்லை.

இரண்டாம் தடவை கிள்ளும்போது சில கிளைகள் நீண்டிருக்கும். அவற்றை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டிக்கொள்ளுங்கள், குப்பையில் போட வேண்டாம். கலவை மிச்சம் இருக்கும், கப்பும் இருக்கும். அன்றைக்கே வைத்துவிட்டால், தாய்ச் செடி பூக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் பெயர் எழுதிய கன்று உங்கள் கையில் இருக்கும்.